இடதுபக்கமே போன வண்டி

நெல் விளைகிற ஊரில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சி வளர்ப்பதை நான் முதன்முதலில் பார்த்தது அந்தக் கல்லூரியில்தான். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மக்கள் தொடர்பு அலுவலர் என்ற பெயரில் அங்கே சேர்ந்திருந்தேன். திருவாரூர் சாலையில், மூன்று பக்கமும் சம்பா வயல் சூழ்ந்த பொறியியல் கல்லூரி அது. நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் பரந்த புல்வெளி. அதன் ஓரமாக ஒரு பாசன வாய்க்கால்.

எங்கள் பக்கம் புல் வயலில் முளைத்தால் பிடுங்கி எறிவார்கள். வரப்பில் முளைத்தால் அறுத்து மாட்டுக்குப் போடுவார்கள். இங்கே முறை வேறு. புல்வெளிக்குப் போட்ட தொழுவுரத்தில் வைக்கோலோடு வந்த நெல்மணிகள் அங்கங்கே முளைத்துவிட்டன. அவற்றைக் களையெடுக்கச் சொல்லிப் பக்கத்துத் தெருப் பெண்களைக் கூப்பிட்டார்கள். என்ன பிடுங்க வேண்டும் என்று யாரும் விளக்கிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வெளியூரிலிருந்து லாரியில் கொண்டுவந்து பதித்த புல்லையெல்லாம் வேரோடு பிடுங்கிவிட்டு, நெல்லைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். ஒரு மூலை முழுக்க அப்படி ஆன பிறகுதான், கல்லூரியின் கட்டடங்களையும் தோட்டத்தையும் கவனிக்கும் எஸ்டேட் அதிகாரி பார்த்தார். அவர் போட்ட கூச்சலில் வகுப்புகள் நின்றன.

அந்த நிலம் முன்பு ஒரு மிராசுதாருடையது. சாகுபடி செய்தவர்கள் வேறு குடும்பங்கள். கல்லூரிக்காக அதை வாங்கியபோது, மிராசுதாரின் கையெழுத்தை ஒரே காலையில் வாங்கிவிட்டார்கள். சாகுபடிதாரர்களை நிலத்திலிருந்து எழுப்பத்தான் பல ஆண்டுகள் ஆயின. அடங்கல் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருந்தது, கோர்ட்டில் வழக்கு இருந்தது, வரப்பில் செங்கொடி இருந்தது. கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. குத்தகை உரிமையை விட்டுக்கொடுக்கும் குடும்பத்துக்குக் கல்லூரியில் ஒரு வேலை. இதை ‘மண்ணின் மைந்தர்களுக்கு முன்னுரிமை’ என்று செய்திகளில் குறிப்பிட வேண்டும் என்று கல்லூரிச் சேர்மன் சொன்னார். குறிப்பிட்டேன்.

அப்படி வேலைக்கு வந்தவர்களில் ஒருவர்தான் புல்வெட்டி ஓட்டுநர். நாற்பதைத் தாண்டியவர், லுத்தரன் சபைக்காரர், அதிகம் பேசாதவர். புல்வெளி இருந்த இடம் அவர்கள் குடும்பத்தின் நாற்றங்காலாக இருந்தது. அவருடைய தகப்பனார், கூலிச் சண்டை நடந்த காலத்தில், வயலில் இறங்கிய டிராக்டருக்கு முன்னால் போய்ப் படுத்தவர். அப்போது நான் இளம் நிருபர். அந்தச் செய்தி உள்பக்கத்தில், ஒரு சைக்கிள் விளம்பரத்துக்குக் கீழே வந்தது.

புல்வெட்டும் வண்டி வந்தபோது கல்லூரியே வேடிக்கை பார்த்தது. ஸ்டியரிங் கிடையாது, கியர் கிடையாது. ஓட்டுபவரின் இரண்டு கைக்கும் இரண்டு நெம்புகோல்கள். இடக்கை நெம்புகோல் இடச்சக்கரத்துக்கு, வலக்கை நெம்புகோல் வலச்சக்கரத்துக்கு. ஒன்றை முன்னால் தள்ளி மற்றதைப் பின்னால் இழுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். டீலரின் ஆள் அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு நாள் முழுவதும் ஒதுக்கி வந்திருந்தார். நம் ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார், இரண்டு கோல்களையும் பிடித்தார், நேராக ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்.

“எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?” என்றார் டீலரின் ஆள்.

“ஏர்மாட்டுக் கயிறு இப்படித்தாங்க. எந்தப் பக்கம் இழுக்குறமோ அந்தப் பக்கம் திரும்பும்.”

வண்டியின் உள்ளே இருந்த சங்கதிக்கு ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவ் என்று பெயர். எஞ்சின் ஒரு பெல்ட் மூலம் எண்ணெய்ப் பம்பைச் சுற்றும். பம்பு தள்ளுகிற எண்ணெய் சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்துக்கு ஒன்றாக, தனித்தனியே இரண்டு பம்புகள், தனித்தனியே எண்ணெய். எஸ்டேட் அதிகாரி மேடைப் பேச்சில் வளர்ந்தவர், கறுப்புச் சட்டைக்காரர், தமிழ்ப் பற்று மிக்கவர். ‘நீர்ம அழுத்த இயக்கி’ என்று எழுதி, வண்டியில் ஒட்டச் சொல்லி ஒரு பலகையைச் செய்துகொண்டு வந்தார். தொழிலாளர்கள் ‘ஹைட்ரோ’ என்றார்கள். புல் அறுக்கும் பெண்கள் ‘மேயிற வண்டி’ என்றார்கள்.

பெண்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. வண்டி வருவதற்கு முன்பு புல்வெளியை அவர்கள்தான் கருக்கரிவாளால் அறுத்தார்கள். கூலி சொற்பம், ஆனால் அறுத்த புல் அவர்களுக்கு. கட்டுக்கட்டாகத் தலையில் போகும். வண்டியோ புல்லைத் தூளாக்கி அங்கேயே தூவிவிட்டுப் போனது.

“மேயுது. சாணியும் போடல, பாலும் கறக்கல. இது என்ன சாதி மாடுய்யா?” என்று ஓட்டுநரிடம் ஒரு பெண் வேலிக்கு வெளியே நின்று கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். கேட்டவள் அவர் மனைவி.

அந்த ஆண்டு ஆயுத பூஜை முடிந்து சில வாரங்களில் வண்டி இடதுபக்கம் போக ஆரம்பித்தது. மழைக்காலம். புல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் நேராகப் போகும் வண்டி, வெயில் ஏறிச் சூடானதும் இடதுபக்கம் சாயும். பிறகு இடச்சக்கரம் சுத்தமாகச் செத்துவிடும். வலச்சக்கரம் மட்டும் ஓட, வண்டி செக்குமாடு மாதிரி சுற்றும். பெல்ட்டை இறுக்கிப் பார்த்தார்கள், டயரில் காற்றடித்துப் பார்த்தார்கள். பயனில்லை. விடுதிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட அமைச்சர் வருவதாக இருந்தது. வேறு வழியில்லாமல் பெண்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர்கள் கருக்கரிவாளோடு வந்தார்கள், மிகவும் உற்சாகமாக.

அந்த உற்சாகம்தான் எஸ்டேட் அதிகாரியின் கண்ணில் பட்டது. பஸ் ஷெட்டில், டிரைவர்களும் தோட்டக்காரர்களும் கூடியிருந்த நேரத்தில், ஓட்டுநரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“யோவ், வண்டி ஏன்யா இடதுபக்கமே போவுது?”

“தெரியலைங்கய்யா. எண்ணெய் கொறையுது. அடியில கசியுது.”

“உனக்குத் தெரியாது? நீ இடதுசாரி, வண்டியும் இடதுசாரியா?” தொழிலாளர்கள் சிரித்தார்கள். அது அவருக்கு ஊக்கம் கொடுத்தது. “அப்பன் டிராக்டருக்கு முன்னாடி படுத்தான். மவன் மெஷினையே படுக்க வச்சுட்டான். பொண்டாட்டி புல்லுக்கட்டோட வீட்டுக்குப் போறா. வேணும்னே பண்ணியிருக்க!”

சிரிப்பு நின்றுவிட்டது. ‘வேணும்னே’ என்பது அங்கே வெறும் வசவு இல்லை. வேலை கொடுத்தபோது போட்ட ஒப்பந்தத்தில், நிர்வாகத்தின் உடைமைக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்தால் வேலை ரத்து என்று ஒரு வரி இருந்தது. செங்கொடியைப் பார்த்துப் பயந்த வக்கீல் யாரோ சேர்த்த வரி. வேலை போனால் ஓட்டுநர் திரும்பிப் போக நிலம் இல்லை. அது புல்வெளியாகிவிட்டது.

சாயங்காலம் அதிகாரி என் அறைக்கு வந்தார்.

“அண்ணே, நீங்க பத்திரிகையில இருந்தவரு. விசாரிச்சு சேர்மன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் சொன்னா பகைன்னுவாங்க.”

“சர்வீஸ் ஆள் வந்து பாக்கட்டுமே.”

“பாக்கட்டும், பாக்கட்டும். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? பூஜையன்னிக்கு எல்லாரும் அவனவன் வண்டிக்குப் பக்கத்துல நின்னான். இவன் மட்டும் தூரமா வேப்பமரத்துக்கிட்ட நின்னான். வண்டி மேல பற்று இல்லண்ணே.”

“அவர் வேதக்காரர். பூஜையில எப்படி நிப்பார்?”

“நான்கூடத்தான் நாத்திகன். நான் நிக்கல?”

நின்றார், உண்மைதான். கல்லூரியில் ஆயுத பூஜை சேர்மன் வீட்டம்மாவின் விருப்பத்தால் நடந்தது. சேர்மன் கட்சிக்காரர், ஆட்சி மாறும்போதெல்லாம் வரவேற்பறையில் படம் மாறும், ஆணி மாறாது. எந்த ஆட்சியிலும் அவர் வெளியே பகுத்தறிவாளர். எனவே பூஜைச் சுற்றறிக்கையில் அது ‘தளவாடத் தூய்மை நாள்’ என்று இருந்தது. அந்தப் பெயரும் எஸ்டேட் அதிகாரி தந்ததுதான். பூசணிக்காய் உடைப்பது எந்த வகைத் தூய்மை என்று யாரும் கேட்கவில்லை.

திருச்சியிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். இளைஞர், வாய் ஓயாதவர், தன் வேலையை ரசித்துச் செய்பவர். பஸ் ஷெட்டில் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரங்கள் தரையில் படாமல் முட்டுக் கொடுத்தார். அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஓட்டுநர் கூப்பிடாமலே வந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். நான் தூண் ஓரமாக நின்றேன்.

முதலில் பம்பின் மேலிருந்த விசிறியைச் சுத்தம் செய்தார்கள். புல் தூள் கெட்டியாக அப்பியிருந்தது. பிறகு இடப்பக்கத்து எண்ணெயை வடித்தார்கள். பால் கலந்த டீ மாதிரி நுரையோடு வந்தது.

“காத்து போயிருக்கு சார்,” என்றார் இன்ஜினியர். “எண்ணெய் அமுங்காது, அதனாலதான் சக்கரத்தத் தள்ளுது. காத்து அமுங்கும். ரெண்டும் கலந்துச்சுன்னா தெம்பு இருக்காது.”

“காத்த எப்படிப்பா உள்ள விட்டான்?” என்றார் அதிகாரி.

“எவன் சார்?”

அதிகாரி ஓட்டுநர் பக்கம் பார்த்தார். ஓட்டுநர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வடிகட்டியை மாற்றி, மூடியைத் திறந்து, புது எண்ணெய் ஊற்றினார்கள். பிறகு காற்றை வெளியேற்றும் வேலை. அதற்கு, எண்ணெய் சக்கரத்தைத் தள்ளாமல் சும்மா சுற்றி வரும்படி ஒரு கம்பியை இழுத்து மாட்ட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, நெம்புகோலை மெதுவாக முன்னுக்கும் பின்னுக்கும் தள்ள வேண்டும். உள்ளே மாட்டிய காற்று குமிழ் குமிழாக மேலே வரும். எண்ணெய் மட்டம் இறங்கும். மறுபடி ஊற்ற வேண்டும். பிறகு கம்பியை விட்டுவிட்டு, அந்தரத்தில் சக்கரம் சுழல, அதையே திரும்பச் செய்ய வேண்டும். ஓட்டுநர்தான் கோலைத் தள்ளினார். அவசரமே இல்லை அவருக்கு. குமிழ் நின்றது. ஜாக்கியை இறக்கினார்கள். வண்டி கோடு போட்டது மாதிரி நேராகப் போனது.

“அவ்வளவுதானே?” என்று அதிகாரி எழுந்தார். “சர்வீஸ் பண்ணாம விட்டதுதான் காரணம்னு எழுதிக்கலாம். பராமரிப்பு யாரு பொறுப்பு? ஓட்டுறவன் பொறுப்பு.”

“இருங்க சார். சூடாவட்டும்,” என்றார் இன்ஜினியர்.

சூடானது. வண்டி இடதுபக்கம் சாய்ந்தது.

இன்ஜினியருக்கு முகம் சுருங்கிவிட்டது. சீட்டைத் தூக்கி, இடப்பக்க எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் துணியால் பிடித்துத் திருகினார். சோடா பாட்டிலைத் திறந்தது போல் புஸ்ஸென்று சத்தம். எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“அழுத்தம் நிக்குது சார். நிக்கக் கூடாது. எண்ணெய் சூடானா உப்பும், ஆறினா சுருங்கும். மூச்சு விட மூடியில ஒரு ஓட்ட இருக்கும். அது அடைபட்டா, உப்புறப்ப எண்ணெய் ரப்பர் சீலைத் தள்ளிட்டுக் கசியும். சுருங்குறப்ப அதே வழியா காத்து உள்ள வரும்.” மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில், முதலில் வெறும் அழுக்கென்று விட்டிருந்த ஏதோ ஒன்று காய்ந்த மண் போல அப்பியிருந்தது. ஒரு குண்டூசியால் சுரண்டினார். உதிர்ந்ததை மூக்கருகே கொண்டுபோனார். “சார், சந்தனம் வாசன அடிக்குது.”

வலப்பக்க மூடியைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. ஓட்டை தெளிவாகத் தெரிந்தது.

“யாரோ பூஜையன்னிக்குப் பொட்டு வச்சிருக்காங்க,” என்றார் இன்ஜினியர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “மேல குங்குமம்கூட இருக்கு.”

எல்லாரும் ஓட்டுநரைப் பார்த்தோம். ஒரு கணம்தான். வேதக்காரர், வேப்பமரத்தடியில் நின்றவர். அவர் வண்டிக்குப் பக்கத்திலேயே வரவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, அதை ஒரு குற்றமாக என்னிடம் சொன்ன எஸ்டேட் அதிகாரிதான்.

அதிகாரி நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார்.

“சீட்டைத் தூக்கி உள்ள வரைக்கும் யாரு சார் பொட்டு வைப்பாங்க?” என்றார் இன்ஜினியர், நல்லெண்ணத்தோடு.

“சேர்மன் வீட்டம்மா சொன்னாங்க,” என்றார் அதிகாரி. சத்தம் தாழ்ந்திருந்தது. “எஞ்சினுக்கும் வைங்க, வெளியில மட்டும் வச்சா எப்படின்னாங்க. ஆளுங்க எல்லாம் தேங்கா உடைக்கப் போயிருந்தாங்க. சரின்னு நானே...” நிறுத்தினார். “மூடி வட்டமா, நெத்தி மாதிரி வாகா இருந்துச்சு. அதுல ஓட்ட இருக்கும்னு யாருக்குத் தெரியும்?”

“நீங்களா?” என்றேன்.

“நம்பிக்கையில வைக்கலண்ணே. மரியாதைக்கு வச்சேன்.”

“வலப்பக்கம் வைக்கலியே?”

“வைக்கத்தான் போனேன். நீங்க கேமராவத் தூக்கிக்கிட்டு வந்துட்டீங்க. கறுப்புச் சட்டையப் போட்டுக்கிட்டு, சந்தனக் கிண்ணமும் கையுமா நின்னா நல்லாவா இருக்கும்? கைய பின்னாடி கட்டிக்கிட்டேன்.”

எனக்கு நினைவு வந்தது. அன்று அவர் அப்படித்தான் நின்றார். தலைவர் சிலை மாதிரி இருக்கிறதே என்று நினைத்துப் படமும் எடுத்தேன். வண்டி இடதுபக்கம் போனதற்கு அரசியல் காரணம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஓட்டையைக் குத்தித் திறந்து, காற்றை மறுபடி வெளியேற்றி முடித்தபோது அதிகாரி சமாளித்துக்கொண்டு எழுந்தார். “சரி. தூசி அடைச்சுக்கிச்சுன்னு சேர்மன்கிட்ட சொல்லிடலாம். யாருக்கும் பாதகம் இல்ல. என்னய்யா?” கடைசி வார்த்தை ஓட்டுநருக்கு.

ஓட்டுநர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அய்யா, சேர்மன்கிட்ட தூசின்னே சொல்லுங்க. ஆனா ‘வேணும்னே’ன்னு இங்கதான் சொன்னீங்க, இத்தன பேரு முன்னாடி. இங்கயே அது இல்லன்னு சொல்லிடுங்க.”

டிரைவர்களும் தோட்டக்காரர்களும் ஏற்கெனவே கூட ஆரம்பித்திருந்தார்கள். அதிகாரி தொண்டையைக் கனைத்தார். கூட்டம் கண்டால் அவருக்குத் தானாகவே பேச்சு வந்துவிடும்.

“தோழர்களே! இயந்திரம் என்பது மனித அறிவின் விளைச்சல். அந்த இயந்திரத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே ஐயம் எனும் அழுக்கு படிந்ததென்றால், அது தனிமனிதர் பிழையன்று, காலத்தின் பிழை...”

“அய்யா,” என்றார் ஓட்டுநர், “நான் பண்ணலன்னு மட்டும் சொல்லுங்க. போதும்.”

அதிகாரி நின்றார். அலங்காரம் இல்லாமல் ஒரு வாக்கியம் பேச அவருக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

“இவன்... இவர் பண்ணல,” என்றார்.

யாரோ பின்னால் கேட்டார்: “அப்ப யாருங்கய்யா பண்ணது?”

“தூசி,” என்றார் ஓட்டுநர், வண்டியில் ஏறிக்கொண்டே.

வண்டி நேராகப் போனது. சூடான பிறகும் நேராகவே போனது. புல்வெளியில் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள், வண்டி தங்களை நோக்கி வருவதைப் பார்த்து எழுந்தார்கள். அவர் மனைவி கருக்கரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வழியிலேயே நின்றாள். அவர் எஞ்சினை அணைத்தார். நானும் அதிகாரியும் பின்னால் போய்ச் சேர்ந்தோம்.

“நீ பண்ணலன்னு சொல்லிட்டாங்களா?” என்றாள்.

“சொல்லிட்டாங்க.”

“நல்லதாப் போச்சு. வேல தங்கிச்சு.” அரைகுறையாகக் கட்டிய புல்லுக்கட்டைக் காலால் தள்ளினாள். “நீ பண்ணியிருந்தா மாட்டுக்காவது புண்ணியம் கெடச்சிருக்கும். நீ எதுக்கும்மா வந்தேன்னு நாளைக்கு வாட்ச்மேன் கேப்பான். போறோம், போறோம்.”

ஓட்டுநர் வாய்க்கால் பக்கம் பார்த்தார். பிறகு அவளிடம் பேசாமல், அதிகாரியிடம் பேசினார்.

“அய்யா, வாய்க்கா ஓரம் சரிவா இருக்கு. அங்க வண்டிய விடக் கூடாது. கவுந்துடும். அந்த ஓரத்த கையாலதான் அறுக்கணும்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “அப்படியாண்ணே?”

வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த எச்சரிக்கைப் படங்களில் ஒன்றில், ஒரு வண்டி சரிவில் கவிழ்ந்துகொண்டிருந்தது. கீழே ஒரு மனிதன் நசுங்கிக்கொண்டிருந்தான். “படமே போட்டிருக்கான்,” என்றேன்.

“அப்ப கையாலயே அறுக்கட்டும். பாதுகாப்பு முக்கியம்,” என்றார் அதிகாரி. அன்று அவர் எதையும் மறுக்கும் நிலையில் இல்லை.

எங்கள் பக்கம் தரை பலகை மாதிரி இருக்கும். தண்ணீருக்கே எந்தப் பக்கம் ஓடுவது என்று குழப்பம் வரும். வாய்க்கால் கரையில் சரிவு என்று இருந்தது நான் நீட்டிப் படுக்கும் அகலம்கூட இல்லை. ஓட்டுநர் அன்று அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டினார். அடுத்த மழைக்காலத்தில் அவர் கணக்கில் அந்தச் சரிவு புல்வெளிக் கொடிக்கம்பம் வரை வந்திருந்தது. நான் கல்லூரியை விட்டு விலகியபோது புல்வெளியில் ஏறக்குறைய பாதி சரிவாகிவிட்டது. பெண்கள் காலையில் வந்து அறுத்துக்கொண்டு போனார்கள். அளந்து பார்க்க யாரும் சர்வேயரைக் கூப்பிடவில்லை.